உளுக்காத பலகை

ஸ்க்ரூடிரைவர் பலகைக்குள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. சின்ன மாப்பிள்ளை மண்டிபோட்டு, உடம்பு பாரம் முழுவதையும் அதன் மேல் வைத்து அழுத்தினார். மரம் அசையவில்லை. கை வலித்ததுதான் மிச்சம்.

"உளுத்துப் போச்சுன்னீங்களே மாப்பிள்ளை?" என்றார் பக்கத்தில் குனிந்து நின்ற மாமனார்.

"மேல தெரியாது மாமா. அடியிலேர்ந்துதான் அரிச்சுக்கிட்டு வரும்."

வாய் கூசாமல் சொன்னார். தோட்டத்துப் பக்கம் உட்காரப் பலகை அடித்து மேடையாகப் போட்டிருக்கும் டெக்குகளைக் கழுவி, பழுது பார்த்து, ஸ்டெயின் சாயம் அடித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். மாமனார் வீட்டு டெக்கில் ஒரு குறையும் கிடையாது. வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் பூத்திருந்தது, அவ்வளவுதான். கழுவி இரண்டு கோட் அடித்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.

ஆனால் அப்படிச் சொன்னால் வீடு கை நழுவிவிடுமே. மாமனாரும் மாமியாரும் மாடி ஏற முடியாமல் சின்ன ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறார்கள். இந்த வீடு இரண்டு பெண்களில் ஒருத்திக்கு என்று முடிவாகியிருந்தது. யாருக்கு என்று மாமனார் வாயைத் திறக்கவில்லை. திறந்துதான் தெரிய வேண்டுமா என்ன? மூத்த மாப்பிள்ளை வந்தால் மாமனார் வாசல் வரை போய் அழைத்து வருவார். சின்ன மாப்பிள்ளை வந்தால் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்பார்.

சகலைக்கு ஏற்கெனவே இரண்டு வீடு. இவருக்கு வாடகைக்கு ஒரே ஒரு அறை. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு திரை. மகள் இஸ்திரி மேஜையில் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள், துணி தேய்க்க வேண்டுமென்றால் எழுந்து நிற்கிறாள். சகலையோ வேலை வைக்கும் பொருள் எதையும் தொடாத மனுஷன், மிக்ஸி சத்தம் மாறினாலே புது மிக்ஸி வாங்குகிறவர். வீடு உளுத்தது என்று காதில் விழுந்தால் வேண்டாம் சாமி என்று கும்பிடு போட்டுவிடுவார். அப்புறம் மிச்சம் இருப்பது இவர்தானே.

கணக்கு சரிதான். மாமனார்தான் விடுகிறவராக இல்லை. அடியில் அரித்திருந்தால் பலகையைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார்.

கழற்றினார். அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட நன்றாக இருந்தது. மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள், வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று ஏதோ சொல்லி, பலகையைத் தூக்கிக்கொண்டு, தன் சாமான்களை வைத்திருந்த தோட்டத்துக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினார்.

அங்கே அவருடைய கைத்திறமை மொத்தமும் வெளிப்பட்டது. தண்ணீர் பீய்ச்சும் மெஷினை மரத்துக்கு மிக அருகில் பிடித்தால் நார் நாராகப் பிய்ந்துவிடும். கூடாது, கூடாது என்று கூலியாட்களிடம் தொண்டை கிழியக் கத்துவார். அதையே இப்போது ஆற அமரச் செய்தார். வினிகரில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஊறவைத்த தண்ணீர் ஒரு பாட்டில் அவரிடம் எப்போதும் இருக்கும். பழைய பலகைக்கு நடுவே புதுப்பலகை போட்டால், அதைப் பழசாகக் காட்டத் தடவுவது. அதைத் தாராளமாக ஊற்றினார். சற்று நேரத்தில் பலகை கறுத்து, நைந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

மாமனார் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பக்கத்துப் பலகை எப்படி என்று கேட்டார்.

அதுவும் இப்படித்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒன்று மட்டும் உளுக்குமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பலகைகளைத் தாங்கும் சட்டங்களையும் காட்டச் சொன்னார் மாமனார். சின்ன மாப்பிள்ளை பாட்டிலோடு டெக்குக்கு அடியில் ஊர்ந்து போனார். ஊற்றியதில் பாதி அவர் சட்டையில் விழுந்தது. ஒட்டடையோடு வெளியே வந்தபோது மாமனார் வீட்டுக்குள் நின்று ஜன்னல் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இது?"

சின்ன மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார்.

"மாடிப்படி?"

பெருமூச்சு விட்டார். அதோடு மாமனாருக்கு நடையே மாறிவிட்டது. கூடத்தைச் சுவரோரமாகவே கடந்தார். மாமியாரைப் பார்த்து, ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நிற்காதே, பாரம் தாங்காது என்று அதட்டினார். எந்தப் பாரம் என்று கேட்டு மாமியார் முறைத்தார்.

கடைசியில் மூத்த மாப்பிள்ளைக்கு ஃபோன் போனது. அவர் வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கறுத்த பலகையைப் பார்த்தார். தொடவில்லை. சின்ன மாப்பிள்ளை மனசுக்குள் துள்ளிக் குதித்துக்கொண்டு, முகத்தை மட்டும் இழவு வீட்டு முகமாக வைத்திருந்தார். மாமனாரும் மூத்தவரும் கேட் வரைக்கும் பேசிக்கொண்டே போனார்கள். கார் கிளம்பியது.

திரும்பி வந்த மாமனார், விஷயத்தை முடித்துவிட்டதாகச் சொன்னார். வீடு மூத்தவருக்கு. அவர் எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளப் போகிறாராம்.

சின்ன மாப்பிள்ளைக்குக் காது அடைத்தது. தங்கமான மரம். அதை இடிப்பதா? அதுவும் அவருக்கா? என்ன ஓரவஞ்சனை! இத்தனை வருஷம் குழாய் பார்த்தவன் மனுஷனாகவே தெரியவில்லையா? அவ்வளவு மோசமில்லை, மருந்து அடித்துச் சரிசெய்துவிடலாம் என்று இழுத்தார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. தொழில் தெரிஞ்சவர் நீங்க. உங்க வார்த்தைக்கு மேல எனக்கு வேற என்ன வேணும்?" என்று சொல்லிவிட்டு மாமனார் சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார்.

கறை பிடித்த சட்டையோடு படியில் உட்கார்ந்தார் சின்ன மாப்பிள்ளை. வீட்டுக்குப் போய் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. மாமியார் காபி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை," என்றார் மெதுவாக. "வீடு உங்களுக்குன்னுதான் அவர் முடிவு பண்ணியிருந்தார், உளுத்ததைக் குடுத்து உங்களையும் சின்னவளையும் கஷ்டப்படுத்தக் கூடாதேன்னுதான் இப்ப பெரிய மாப்பிள்ளை தலையில கட்டிட்டார்."