மூடி சரியில்லாத பாட்டில்

தும்மல் வந்துவிட்டது. பொன்னாத்தாள் முழங்கால்களை நெருக்கினாள். கம்பெனி வேன் அந்த நொடி பார்த்து வேகத்தடையில் ஏறி இறங்கியது. சீட்டு நனைந்தது. மடியிலிருந்த புதுத் தண்ணீர் பாட்டிலோ ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அதுதான் பிரச்சினை.

ஓரச்சீட்டு இனம் என்று ஒன்று உண்டு. பார்த்திருப்பீர்கள். ஐம்பது தாண்டிய பெண்கள். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெண் எந்த ஊர் என்று விசாரிப்பதற்கு முன் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள். டீ நீட்டினால் பித்தம் என்பார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் கரும்பச்சைச் சேலைதான் எடுப்பார்கள். சிரிப்பு வந்தால் முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு பிறகுதான் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால்? ஒன்றுமில்லை.

பொன்னாத்தாள் இந்த இனத்தின் தலைவி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வெள்ளைப் பனியனில் கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். தையலுக்குத் திருப்பினால் சரியாகும் என்றால் ஆல்டர், ஆகாது என்றால் ரிஜெக்ட். டெய்லர்கள் நடுங்கும் கண். அவள் சேலையிலேயே யாராவது அம்பு ஒட்டிவிட்டால்?

அதற்குத்தான் உள்ளே மடித்து வைத்த பனியன் வேஸ்ட் துணி. துணி கைவிட்டால் பாட்டில். மூடி சரியில்லாத பாட்டில் ஒன்றை மூன்று வருஷமாக மடியில் வைத்தே வந்தாள். சீட்டு நனைந்தால் பாட்டில் ஒழுகிவிட்டது. யார் என்ன கேட்க முடியும்?

இன்று காலை பொங்கலூரில் ஏறியபோது டிரைவர் முருகேஷ் அதைக் கெடுத்தான்.

"ஏனுங்க்கா, தெனமும் சீட்டு நனையுதுங்க. இந்தாங்க, புது பாட்டலு. தலகீழாப் புடிச்சாலும் ஒழுகாதுங்க."

பழையதை வாங்கிக் குப்பையில் போட்டான். வேன் முழுக்கக் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

இப்போது கம்பெனி கேட் வந்துவிட்டது. இறங்க வேண்டும். பக்கத்துச் சீட்டு நல்லம்மாள், பேக்கிங்கில் இருப்பவள், ஈரத்தைப் பார்த்தாள். பொன்னாத்தாளைப் பார்த்தாள். தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து இருவர் மடியிலும் கவிழ்த்தாள்.

"அய்யோ, என்ற பாட்டலு மூடி சரியில்லீங்க!"

"உங்குளுதுமாங்க?" என்று முருகேஷ் தலையில் கைவைத்தான்.

"ரெண்டு வருசமாவே சரியில்லீங்க்கா" என்றாள் நல்லம்மாள், காதோடு.

"சிரிக்க வெக்காத புள்ள. சிரிச்சா மறுபடியும் போயிரும்."

"நாமெல்லாம் ரிஜெக்ட்டுங்களாக்கா?"

பொன்னாத்தாள் செக்கிங் மேஜையில் யோசிப்பதுபோல யோசித்தாள்.

"இல்ல கண்ணு. ஆல்டர்."

மறுநாள் புதன்கிழமை. இருவரும் அரைநாள் லீவு போட்டார்கள். ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பரிசோதித்துவிட்டு, இது நிறையப் பேருக்கு இருப்பதுதான் என்றார்; அடக்குவதுபோல இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ணும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். வெளியே பெஞ்சில் பதினோரு பெண்கள் காத்திருந்தார்கள். ஒன்பது பேர் மடியில் தண்ணீர் பாட்டில். உங்கள் பையிலும் ஒன்று இருக்குமே. மூடி எப்படி?