பிடுங்காமல் பிடுங்கிய ரோப்கார்

"ரோப்காரைப் பிடுங்கணும். ஆனா பிடுங்கின மாதிரி தெரியக் கூடாது" என்று அமைச்சர் சொன்னபோது துணைச் செயலாளர் தலையாட்டிவிட்டார். அறைக்கு வெளியே வந்த பிறகுதான் அதை எப்படிச் செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

மலையுச்சிக்குப் போகும் ரோப்காரை முப்பது வருடம் ஓட்டுவதாக ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. ஓடியது ஏழு வருடம். இனி அதை அரசாங்கமே நடத்த வேண்டும் என்று அமைச்சருக்கு ஆசை. ஒப்பந்தத்தை ரத்து செய்தால் கம்பெனி நஷ்டஈடு கேட்டு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய்விடும் என்று சட்ட ஆலோசகர் எச்சரித்திருந்தார். ஆகவே, கம்பெனி தானாக மூட்டை கட்ட வேண்டும்.

காற்றைக் காரணம் காட்டி, தினம் இரண்டு மணி நேரம்தான் ஓட்டலாம் என்று துணைச் செயலாளர் முதல் உத்தரவைப் போட்டார். கம்பெனி மேனேஜர் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார். முத்திரை சரியாக விழவில்லை, இன்னொரு தடவை குத்திக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார்.

இருபது பெட்டியில் நாலுதான் ஓடலாம் என்றது இரண்டாவது உத்தரவு. மேனேஜர் அதற்கும் அசையவில்லை. உச்சியில் வரிசையில் நின்று காய்ந்துபோன ஜனங்கள்தான் கீழே இறங்கியதும் நேராக அமைச்சர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள்.

அமைச்சர் போனில் குதித்தார். பதறிப்போன துணைச் செயலாளர், பழுதுபார்ப்பு என்று சொல்லி அடிவாரச் சாலையையே மூடினார். தன் வீடும் அதே சாலையில்தான் இருக்கிறது என்பது, அன்று மாலை தடுப்புக் கம்பியின் முன்னால் கார் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

"கம்பெனிக்காரனைத் துரத்தச் சொன்னா, என்னை ரெண்டு மைல் நடக்க வெச்சிருக்கீங்க" என்று கூடவே காரிலிருந்து இறங்கிய மனைவி இரண்டு காய்கறிப் பைகளையும் அவர் கையில் திணித்தாள்.

பையோடு நடந்ததில் அவருக்கு மனசாட்சியும் வலிக்க ஆரம்பித்தது. சொன்ன வார்த்தையை மீறியது அரசாங்கம். அந்த மேனேஜரோ ஒரு சுடுசொல் சொல்லவில்லை. வேலை போனால் போகட்டும் என்று, மூன்று உத்தரவுகளையும் வாபஸ் வாங்கும் கடிதத்தோடு மறுநாள் காலை கம்பெனி அலுவலகத்துக்கே போனார்.

மேனேஜர் வக்கீலைப் பார்க்க வெளிநாடு போயிருப்பதாகச் சொன்ன வரவேற்பறைப் பெண், நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் கடிதத்தைப் படித்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

"சார், தயவுசெஞ்சு இதைக் குடுத்துடாதீங்க. முதல் வருஷத்துலேர்ந்தே எங்களுக்கு நஷ்டம். நாங்களா விட்டுட்டுப் போனா அபராதம் கட்டணும், நீங்க துரத்தினா எங்களுக்கு நஷ்டஈடு. இன்னும் ஒரே ஒரு உத்தரவு போட்டுட்டா கேஸ் ஜெயிக்கப் போதும்னு வக்கீல் சொல்லியிருக்கார்."