குக்கர் தேய்த்த போட்டியாளன்

தலை நரைக்கும்வரை மென்பொருள் எழுதியவன் நான். இப்போது வேலையில்லை. ஒரு கம்பெனி என்னை எடுக்கலாமா என்று யோசிக்கிறது. இரண்டு மாதமாக யோசிக்கிறது. "அதுவரை எங்களோடு கொஞ்சம் வேலை செய்து காட்டுங்கள்" என்றார்கள். காட்டினேன். முதல் சுற்றில் அவர்களுடைய பில் போடும் பக்கத்தைச் சரிசெய்தேன். அடுத்ததில் பழைய கோளாறு மொத்தத்தையும். மூன்றாம் சுற்றுக்கும் கூப்பிட்டதும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"ஏங்க, இது பரீட்சையா, வேலையா?" என்றாள் மனைவி.

"பரீட்சைதான். போட்டியில இன்னொருத்தனும் இருக்கானாம். விடுவேனா?"

"சம்பளம்?"

"பாஸ் பண்ணினப்புறம். உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாதுதாங்க" என்றாள் அடக்கமாக. அவள் அடக்கமாகப் பேசினால் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மறுநாள் சாப்பிட்டு எழுந்ததும் ஆரம்பித்தாள். "பாத்திரம் தேய்க்கறதுல யாரு கெட்டி? நீங்களா, மாடியில இருக்கற என் தம்பியா?"

"அவனா? குடிச்ச டம்ளரைக் கட்டிலுக்கடியில தள்ளறவன்!"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நேத்து வந்து குக்கரைப் பளபளன்னு தேய்ச்சு வச்சுட்டுப் போனான்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடிப்பிடித்த வாணலியை முகம் தெரியத் தேய்த்தேன்.

"பரவாயில்ல. தம்பி அடுப்பையும் துடைச்சான்."

துடைத்தேன். ஜன்னல் கம்பியையும் துடைத்தானாம். அதைத் துடைக்கும்போதுதான் படியேறிக்கொண்டிருந்த மச்சினன் கண்ணில் பட்டான்.

"குக்கர் தேய்ச்சியாமே?"

"நானா? எங்க வீட்டுக் குக்கரையே நான் தொட்டதில்ல மாமா."

ஈர ஸ்பாஞ்சோடு சமையலறைக்குள் பாய்ந்தேன். "அநியாயம்! இல்லாத போட்டியாளனைக் காட்டி, பரீட்சைன்னு பேர் வச்சு, வேலை மொத்தத்தையும் ஓசியில வாங்கிட்டியே!"

"அப்பாடா!" என்றாள். "இதை அப்படியே அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லுங்க." ஸ்பாஞ்சைப் பிடுங்கிக்கொண்டு போனை என் கையில் திணித்தாள்.

"வேண்டாம்னுட்டாங்கன்னா?"

"போகட்டும். என் சம்பளத்துல கொஞ்ச நாள் ஓட்டிக்கலாம். உங்களை இப்படி அலைய விடறாங்களே, எனக்குத் தாங்கலீங்க."

உடனே போன் போட்டேன். "வேலை குடுத்தா வரேன். இனிமே சுற்றுக்கெல்லாம் வரமாட்டேன்." அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "திங்கட்கிழமை சேர்ந்துடுங்க சார்."

துள்ளிக் குதித்தேன். "பார்த்தியா, அனுபவத்துக்குக் கிடைச்ச மரியாதையை!"

"பின்னே? வாணலியைப் பார்த்ததுமே நானும் முடிவு பண்ணிட்டேன்" என்று ஸ்பாஞ்சை என் கையில் திருப்பி வைத்தாள். "இங்கயும் உங்களை நிரந்தரமாக்கியாச்சு. நீங்க திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே சேர்ந்துக்கலாம்."