வேப்பிலைக்குப் பின்னால் பத்து நாள்

கோவளம் பஸ் நிறுத்தத்தில் இளநீர் விற்ற ‘சூடு’ அண்ணாத்தையைப் போல, உலகத்து நோய்களையெல்லாம் ஒரே சொல்லில் முடித்துவைத்த வைத்தியர் இதுவரை பிறந்ததில்லை. தலைவலியா? சூடு. பஸ் தாமதமா? டிரைவருக்குச் சூடு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே என்றால், “கடலுக்கே சூடு சார், அதான் உப்பு கரிக்குது” என்பார். ஒருமுறை கடையை அகற்றச் சொல்லிக் கத்திய போலீஸ்காரரிடம், “கண்ணு செவந்துகீது, மொதல்ல இத்தக் குடி நைனா” என்று இளநீரை நீட்டினார். குடித்தவர் வந்த வேலையை மறந்து போய்விட்டார்.

கொரோனா காலத்தில் எனக்குக் காய்ச்சல், இருமல். மார்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. கால்விரல்கள் கத்தரிக்காய் நிறம். டாக்டர் போனில், “அந்த வைரஸ் சிலருக்குத் தோல்லயும் காட்டும், டெஸ்ட் எடுங்க” என்றார். எடுத்தால் வாசலில் தகரம் அடித்து வீட்டை அடைத்துவிடுவார்கள். முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்திய நான், வாசலில் வேப்பிலையைச் செருகி, அம்மை என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் கணக்கெடுக்க வந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

தெருவே ஒதுங்கியது. சூடு மட்டும் உள்ளே வந்தார்.

“இன்னா சார், ஆத்தா வந்துகீறா, எளநி வோணாமா?”

“உனக்கு ஒட்டிக்கும், போய்யா.”

“எனக்குச் சின்ன வயசுலயே போட்டுட்ச்சு, திரும்ப வராது. வாயத் தொற.”

முகக்கவசம் தாடையில் தொங்க, பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறினார். என் விரல்களைப் பார்த்து, “ஆத்தா ஊதாப் பொடவ கட்டிகினு வந்துகீறா!” என்று வியந்தார். உண்மை என் வாய்வரை வந்தது. தனியாகக் கிடந்தவனுக்கு, இவரும் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம். விழுங்கிவிட்டேன்.

பதினோராம் நாள் அவர் வரவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருப்பதாக அவர் மனைவி போனில் அழுதார். மூன்று வாரம் கழித்துத் திரும்பியவருக்கு, ஒரு காய் சீவுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

“எனக்கு வந்தது அம்மை இல்லப்பா, கொரோனா. தெரிஞ்சேதான் மறைச்சேன். உனக்கு என்கிட்டேருந்துதான் வந்துது” என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார். ஒரு பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

“சொல்லியிருந்தா மட்டும் வராம பூட்ருப்பனா? மாஸ்க்க மேல இழுத்து வுட்டுகினு வந்திருப்பேன். அவ்ளோதான் மச்சான்.”

அதுவரை நான் சார். அதன்பின் அவர் உயிரோடிருந்த இரண்டு வருடமும் மச்சான்தான். இப்போது என்னை அப்படிக் கூப்பிட யாருமில்லை.