டுப்னோஸின் இடது முழங்கை

'அன்றைக்கே சொன்னவர்' என்றோர் இனம் உண்டு. உங்கள் ஊரில் இல்லையா? பொய் சொல்லாதீர்கள். பிரிட்டன் தீவின் வடக்கே, எங்கள் டம்னோனி நாட்டில் மழைக்கும் பன்றிக்கும் அடுத்தபடியாகப் பெருகிக் கிடப்பது அதுதான்.

அந்த இனத்தின் முழு வளர்ச்சி எங்கள் டுப்னோஸ். ரோமானியர் வருமுன், மீசையில் மது சொட்டச் சொட்ட "வரட்டும், ஒரு கை பாத்துடுவோம்!" என்று முழங்கியவர், அவர்கள் வந்து கோட்டை கட்டிய மறுவாரமே காற்சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்து, அவர்களைப் போல நீளத் துணியைச் சுற்றிக்கொண்டு, அவர்களுடைய நாறும் மீன்சாற்றைக் கஞ்சியில் ஊற்றி "ஆகா!" என்று கண்ணை மூடி, டுப்னுஸ் ஆகிவிட்டார். ஓரெழுத்துதான் மாற்றினார். கோட்டைக்குள்ளிருந்து விருந்துக்கு அழைப்பு வந்துவிட்டது.

"இவங்க வருவாங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

இருபது வருடம் ஓடியது. ஒருநாள் அவர்கள் தங்கள் கோட்டையைத் தாங்களே கொளுத்திவிட்டுத் தெற்கே போனார்கள். புகை அடங்குமுன் காற்சட்டை வெளியே வந்தது. "போயிடுவாங்கன்னு நான்..." மீதி உங்களுக்கே தெரியும்.

அந்த வருட அறுவடை விருந்தில், வழக்கப்படி, முதல் வீரருக்குரிய பன்றித்தொடையைத் தலைவர் தூக்கிப் பிடித்தார். அதை வாங்குகிறவர் சொல்தான் இனிச் சபையில் முதல் சொல். எல்லார் கண்ணும் வெரேகா மேல். அவர்கள் இருந்த காலத்திலேயே கோட்டைக் கதவுக்குத் தீ வைக்கப் போய்க் கணவனையும் இரண்டு விரலையும் பறிகொடுத்தவள். டுப்னோஸ் முந்திக்கொண்டார்.

"இருபது வருஷமா உள்ள இருந்தே அவங்கள அரிச்சவன் நான்!"

"எதை அரிச்சீங்க அண்ணே? அவங்க ரொட்டியையா?" என்றாள் வெரேகா.

"உனக்கு இதெல்லாம் புரியாது தங்கச்சி."

சண்டைக்குப் பயந்த தலைவர் தொடையை அவரிடமே கொடுத்துவிட்டார்.

நாங்கள் வைக்கோலில் சம்மணமிட்டு உண்பவர்கள். டுப்னோஸ் உட்காரவில்லை. கறி கைக்கு வந்ததும், கோட்டைத் துரைகளைப் போலவே, காலை நீட்டி, இடது முழங்கையை ஊன்றிச் சாய்ந்து படுத்தார்.

"அண்ணே, வாய்தான் டுப்னோஸ். முழங்கை இன்னும் டுப்னுஸாவே இருக்கே!" என்று சொல்லித் தொடையை உருவிக்கொண்டாள் வெரேகா.

சபை குலுங்கிச் சிரித்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்த பிறகுதான் கவனித்தேன், நான் ஊன்றியிருந்ததும் இடது முழங்கை. பக்கத்து ஆளும் அப்படியே.

நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துதானே வாசிக்கிறீர்கள்?