மேட்டு இடத்துக்குக் குலுக்கல்

எந்த நாட்டில் எப்படி லாட்டரி நடக்கிறது என்பது முடிச்சூர் எத்திராஜுக்கு அத்துப்படி. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை என்பதால் சீட்டு வாங்கிய அனுபவம் மட்டும் கிடையாது. எல்லாம் யூடியூப் படிப்பு. சாப்பிடும்போதும் அதே பேச்சு, சாம்பாரில் உப்பில்லை என்றுகூடச் சொல்ல மறந்துவிடுவார்.

அந்தப் படிப்புக்கும் ஒரு வேலை வந்தது. அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வண்டி நிறுத்த மேடான இடம் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் பள்ளம். ஐப்பசி பிறந்தால் அங்கே கார் நிறுத்துவதைவிடப் படகு நிறுத்தலாம். மேட்டு இடத்துக்காரர் நாவலூருக்குக் குடிபோய்விட்டார். வீட்டுக்கு ஒரு சீட்டு, அவரவரே எழுதிவந்து சொம்பில் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை குலுக்கல் என்று சங்கத்தில் முடிவானது.

எத்திராஜ் போன மாதம்தான் கார் வாங்கியிருந்தார். ஆனால் அந்த இடத்தின்மேல் மனைவி ஜோதிலட்சுமிக்கும் ஒரு கண். இட்லி மாவு அரைத்து, ஸ்கூட்டரில் கடை கடையாகப் போடுகிறவள். போன மழையில் ஸ்கூட்டர் முழுகி வியாபாரமே படுத்துவிட்டது.

"இன்னாங்க, நம்ம சீட்டு வந்தா என் ஸ்கூட்டர உட்டுக்கட்டா?"

"புத்தம் புது காரு தண்ணில நிக்கணும், உன் ஓட்ட வண்டி மேட்டுல நிக்கணுமா? நல்லா கீதே நியாயம்!"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால்தான் பயப்பட வேண்டும் என்பது கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவருக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே எத்திராஜ் தங்கள் வீட்டு எண் எழுதிய சீட்டை மடித்து, ஃப்ரீசரில் வஞ்சிர மீனுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். குலுக்கி எடுக்கிறவர் தானே ஆகிவிட்டால் போதும். ஜில்லென்று கையில் படுவதை எடுத்தால் இடம் நம்முடையது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம். ஜில் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஸ்பெயின்ல பள்ளிக்கூடப் பசங்க நம்பரப் பாட்டாவே பாடுவாங்க. இங்கிலாந்துல தனியா ஒரு நடுவர் கூடவே நின்னு பாப்பாரு. கேரளாவுல ஜனங்க முன்னாடிதான் குலுக்கணும். நாம மட்டும் ஒரு சொம்புல போட்டு ஏனோதானோன்னு எடுக்கறதா? நாணயமான நடுவர் வேணும்!"

சங்கத் தலைவர் சம்பத் சொக்கிப்போனார். "நீங்களே நடுவரா இருந்து எடுத்துடுங்களேன்."

எத்திராஜ் இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை கேட்கும்வரை காத்திருக்காமல் ஒப்புக்கொண்டார்.

"இன்னாங்க, ஒரு சந்தேகம்," என்றாள் ஜோதிலட்சுமி. "அந்த ஊருல லாட்டரி நடத்துறவங்களே சீட்டு வாங்கலாமா?"

"அதெப்புடி? அவங்க மட்டுமில்ல, அவங்க வூட்டு ஆளுங்களும் வாங்கக் கூடாது! இங்கிலாந்துல அதான் ரூலு!"

முழங்கி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"அப்ப நம்ம வூட்டுச் சீட்டு வேணாம் சம்பத் அண்ணா," என்றாள் ஜோதிலட்சுமி.

கைதட்டல் தெரு வரை கேட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையா!" என்று சம்பத் கண்கலங்கினார். எத்திராஜின் சட்டைப் பையில் ஈரம் படர்ந்து, லேசாக மீன் வாசனை வந்தது.

சொம்புக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். கெசியா டீச்சர் வீடு. டீச்சரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. எத்திராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"டீச்சர், உங்களுக்குத்தான் வண்டியே இல்லியே. நம்ம காரை அங்க…"

"ஐயோ சார், அத ஜோதிலட்சுமி அக்கா ஸ்கூட்டருக்குக் குடுத்தாச்சே! நான், செல்வம்மாள் அக்கா, ஓவியா, வண்டி இல்லாத வீடெல்லாம் நேத்தே பேசிட்டோம். யாருக்கு விழுந்தாலும் இடம் அக்காவுக்கு. தினமும் மாவு எங்க வாசலுக்கே வந்துடும்."

எத்திராஜ் மனைவியைப் பார்த்தார். அவள் காதோரம் வந்தாள்.

"நேத்து மீனு எடுக்கும்போதே சீட்டப் பாத்துட்டேன். நாலு பேருக்கு முன்னாடி சொன்னா உங்க மானம்தான போவும்? அதான் வேற வழி பாத்தேன்."

அவர் ஈரச் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். அவமானமா நன்றியா என்று அவருக்கே தெரியவில்லை. மாடிப்படி வரை போன ஜோதிலட்சுமி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி திரும்பிச் சொன்னாள்:

"நடுவர் சார், விடியக்காலைலயே மேட்டுல கொண்டாந்து உட்டுட்டீங்களே, அந்தக் காரக் கொஞ்சம் எடுக்கறீங்களா?"