பூஜையில் இருந்த பிரிண்டர் தானாக ஓடியது பற்றி

சேலையூர்,
19 அக்டோபர் 2005

மதிப்புக்குரிய நெய்வேலி பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகன் ஹேமநாத்தின் வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் முட்டிவலியும் பெரியம்மாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். கடிதம் என்றால் முதலில் இப்படி விசாரிக்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். விசாரித்துவிட்டேன், விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் எதற்காகப் பேனா பிடித்து எழுதுகிறான் என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் பிரிண்ட் என்ற பொத்தானை நான் இனிமேல் தொடுவதாக இல்லை. செல்லில் சொல்லலாம் என்று மூன்று தடவை உங்கள் நம்பரைப் போட்டேன். நீங்கள் "அலோ, யாரு?" என்றதும் வாய் வராமல் வைத்துவிட்டேன். எவனோ விளையாடுகிறான் என்று நீங்கள் கடைசியில் திட்டியது என்னைத்தான். தகும்.

அப்பாவின் கடை உங்களுக்குத் தெரியும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்தது இப்போது ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் என்று போர்டு மாறியிருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. கடையில் ஒரு கம்ப்யூட்டரும் லேசர் பிரிண்டரும், மாடியில் என் கம்ப்யூட்டர். மாடியிலிருந்து ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றால் பென் டிரைவில் போட்டுக்கொண்டு படியிறங்கி வர வேண்டும். நெட்வொர்க்கிங் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் பென் டிரைவோடு படியிறங்குவதா? ஜன்னல் வழியாக நீல ஒயர் இழுத்து இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்து, கீழே இருக்கும் பிரிண்டர் மாடிக்கும் சேர்த்து வேலை செய்யும்படி பண்ணுகிறேன் என்று ஆரம்பித்தேன். "இருக்கிறதே பதினெட்டுப் படி. எறங்கி வந்தா இன்னாடா, காலு தேஞ்சுடுமா?" என்றார் அப்பா. "உங்களுக்கு டெக்னாலஜி புரியாது, விடுங்க" என்றேன். இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் காது சுடுகிறது. அந்தப் படிகளில் இறங்காமல் இருப்பதற்காக ஒரு வாரம் முழுக்க அதே படிகளில் ஏறி இறங்கினேன், பெரியப்பா. மாடியில் பிரிண்ட் கொடுப்பேன், வராது. கீழே ஓடி வந்து பார்ப்பேன், எல்லாம் சரியாக இருக்கும். மறுபடி மேலே ஓடுவேன். கடை வாசலில் ஆட்டோ நிறுத்தும் சவுரிமுத்து அண்ணன், "தம்பி உடம்பு கொறைக்குது போல கீது, நல்லதுதான்" என்றார்.

கீழ்க் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால்தான் மாடியிலிருந்து பிரிண்ட் வரும். அப்பாவோ ஆள் இல்லாத இடத்தில் குண்டு பல்பு எரிந்தாலும் பொறுக்காதவர். ஆகவே கோளாறு அவருடையதுதான் என்று முடிவு கட்டி, சுவிட்ச் போர்டுக்கு மேலே "இந்தக் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் எக்காரணம் கொண்டும் யாரும் அணைக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டினேன். "யாரும்" என்பதற்குக் கீழே இரண்டு கோடு. பெற்ற அப்பாவுக்கு எழுதுகிற லட்சணம் அது. அன்றிலிருந்து அவர் அணைக்கவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் வினை இங்கேதான் தொடங்குகிறது.

இதற்கிடையில் தங்கை துர்கா விஷயம். அவளுக்குப் பூனாவில் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். பொட்டப் புள்ளையைப் பாஷை தெரியாத ஊருக்குத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அப்பா ஒரே பிடி. அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை; அம்மா இருவருக்கும் நடுவில் நின்று மோர் கரைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பா, "சரஸ்வதி பூஜையன்னிக்கு அம்மாகிட்டப் பூ உத்தரவு கேக்குறேன். படத்துக்கு வலப்பக்கம் பூ விழுந்தா போகட்டும். இடப்பக்கம் விழுந்தா இங்கயே பி.எட். சேரட்டும்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒருத்தியோட வேலைய சாமந்திப் பூ தீர்மானிக்குமா? படிச்ச மனுஷன் பேசுற பேச்சா இது? இந்தக் கூத்துக்கு நான் கீழ வரமாட்டேன்" என்று கத்திவிட்டு மேலே போய்விட்டேன். வாசலில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில்தான் கத்தினேன்.

பூஜையன்று நடந்ததைத் துர்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடையைக் கழுவி, பழைய டைப்ரைட்டர்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் இட்டு, நடுநாயகமாக பிரிண்டரை வைத்து, அதன் தலையில், அதாவது தாள் வெளியே வந்து விழுகிற மேடையில், சரஸ்வதி படத்தைச் சாய்த்து வைத்திருக்கிறார் அப்பா. படத்தைச் சுற்றி உதிரிப் பூ. பிரிண்டருக்குக் குறுக்கே ஒரு முழச் சாமந்தி மாலை. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் உத்தரவுப்படி யாரும் அணைக்கவில்லை. சவுரிமுத்து அண்ணனும் பக்கத்துப் போட்டோ பிரேம் கடை பக்கீர் முகமது பாயும் சுண்டலுக்கு வந்திருக்கிறார்கள். அப்பா கண்ணை மூடிப் பிரார்த்தனை பண்ணிவிட்டு, "ஃபேனை நிறுத்துங்க" என்றாராம். "காத்துல விழுந்துச்சுன்னு எவனும் சொல்லக் கூடாது. முக்கியமா மேல இருக்கிறவன்." எல்லோரும் வேர்த்து வழியப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பூ அசையவில்லை. துர்கா அழத் தயாராக இருந்தாளாம்.

மேலே இருந்தவன் என்ன செய்துகொண்டிருந்தேன்? அன்றைக்கு எந்த மெஷினையும் தொடக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்ததால் வீம்புக்குத் தொட்டுக்கொண்டிருந்தேன். பிரிண்டர் சரியாக இணைந்ததா என்று பார்க்க விண்டோஸிலேயே ஒரு சோதனைப் பக்கம் இருக்கிறது, அதை ஒரு வாரமாகக் கோபம் வரும்போதெல்லாம் அழுத்தியிருக்கிறேன். அத்தனையும் வழி கிடைக்காமல் வரிசையில் நின்றிருக்கின்றன. அந்த நேரத்தில்தான் ஃபயர்வால் மறித்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. அதை நான்தான் போட்டிருந்தேன், வைரஸ் வரக் கூடாதென்று. எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். கீழே "டர்ர்ர்" என்று சத்தம் கேட்டது. "வந்துடுச்சு!" என்று துள்ளினேன். அதே நொடியில் கீழேயிருந்து அம்மாவின் குலவையும் சவுரிமுத்து அண்ணனின் குரலும்: "ஐயோ, ஆத்தா வந்துட்டாடா!"

விழுந்தடித்து ஓடினேன். பிரிண்டர் நடுங்குகிறது, படம் ஆடுகிறது, வலப்பக்கம் பூ பொலபொலவென்று கொட்டுகிறது, சரஸ்வதியின் காலடியிலிருந்து வெள்ளைத் தாள் மேலே எழுந்து வருகிறது. எல்லோரும் தரையில் கிடக்கிறார்கள். பக்கீர் பாய் மட்டும் சுண்டல் பொட்டலத்தோடு சுவரோடு ஒட்டி நின்று "யா அல்லா, ப்ளக்கப் புடுங்கவா வேணாமா?" என்கிறார். ஒரு தாளோடு நின்றிருந்தால் போகட்டும். அடுத்தது வருகிறது, அதற்கடுத்தது வருகிறது. அப்பா கைகூப்பி, "போதும்மா, போதும், புரிஞ்சுடுச்சு!" என்கிறார். அம்மா கற்பூரத் தட்டோடு, "ஒரு தடவ சொன்னா உங்களுக்குப் புரியாதுன்னுதான் திரும்பத் திரும்பச் சொல்றா" என்கிறாள். பிறகு மாலையின் நார் எப்படியோ உருளையில் மாட்டி, மாலை பூப்பூவாக உள்ளே போய், கறுக்கென்று ஒரு சத்தத்தோடு சிவப்பு விளக்கு எரிந்தது. "மாலைய ஏத்துக்கிட்டா" என்றார் சவுரிமுத்து அண்ணன்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "பாத்தியாடா? யாரும் தொடல. ஃபேன்கூட ஓடல." நான் "அப்பா, அது வந்து..." என்றேன். என் கால் கட்டைவிரல் மேல் துர்காவின் குதிகால் இறங்கியது. அவளும் கம்ப்யூட்டர் படித்தவள்தானே, முதல் தாளிலேயே கண்டுபிடித்திருக்கிறாள். "வாயத் தொறந்த, கொன்னுடுவேன்" என்றாள் உதடு அசையாமல்.

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தார். அந்தச் சோதனைப் பக்கத்தின் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "கங்ராஜுலேஷன்ஸ்!" அதை எவன் எழுதி வைத்தானோ, அவன் சட்டையை நான் பிடித்துக் கேட்க வேண்டும். "'இதை உங்களால் படிக்க முடிகிறது என்றால் நீங்கள் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருக்கிறீர்கள்'னு போட்டிருக்குடி" என்று அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். அம்மா, "பெத்தவங்களத்தான சொல்றா" என்று மூக்கைச் சிந்தினாள். தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணியவர் அப்பா, ஒரு கமா விட்டாலும் பொறுக்க மாட்டார், வரிவரியாக வாசித்தார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே வாசித்தார். கலர் கிடையாது என்று ஒரு வரி வந்தது. "ஆடம்பரம் வேணாம்னு சொல்றா" என்று துர்காவைப் பார்த்தார். "கவர்மெண்ட் ஆர்டர் மாதிரி தெளிவா வந்திருக்கு. நீ கெளம்புமா."

மறுநாள் நான் பிரிண்டரைப் பிரித்து உருளையிலிருந்து சாமந்தி இதழ்களை ஊசியால் எடுத்தேன். வெந்த பூ வாசனை. குப்பையில் போடப் போனால் சவுரிமுத்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்: "இன்னா தம்பி, பிரசாதத்தக் கொண்டுபோய்..." பொட்டலம் கட்டி ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கக் கொடுத்திருக்கிறார். அடுத்து, "அண்ணா, நம்ம மச்சானுக்கு துபாய் விசா வருமான்னு ஒரு பேப்பர் எடுத்துக் குடேன்" என்று அப்பாவிடமே வந்து நின்றார். "அதெல்லாம் கேட்ட ஒடனே வர்றது இல்லப்பா" என்று அப்பா அனுப்பிவிட்டார். அப்பா மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தார், துர்காவுக்குச் சக்கரம் வைத்த பெட்டி வாங்கினார், ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டார். எல்லாவற்றையும்விட என்னைக் கொன்றது ஒன்று. சாப்பிடும்போது என் தட்டில் அப்பளத்தை வைத்துவிட்டு, "நீ இழுத்த ஒயர் நல்ல ஒயர்டா" என்றார். யார் முகத்துக்கு நேராகவும் உண்மையைச் சொல்கிறவன் என்று பெருமை பேசுகிறவன் நான். ஒரு வாரமாகத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். எந்தச் சாமந்திப் பூவைப் பழித்துக் கத்தினேனோ, அதே பூவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது தலைக்கு மேல் போய்விட்டது. அப்பா அந்தத் தாளை பக்கீர் பாயிடம் பிரேம் போடக் கொடுத்திருக்கிறார். கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டப் போகிறாராம். காட்டாங்குளத்தூர் காலேஜ் பசங்க பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க நம் கடைக்குத்தான் வருகிறார்கள். அதில் எவனுக்கும் அது என்ன தாள் என்று பார்த்தவுடனே தெரியும். டெஸ்ட் பேஜுக்கு ஊதுபத்தி காட்டுகிற மனிதர் என்று அப்பாவைப் பார்த்து ஒருத்தன் சிரித்தால் நான் என்ன செய்வேன்? இப்போதே உண்மையைச் சொன்னால் துர்காவின் பெட்டி பரணுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் அப்பா கடைவீதிக்கே கேலிப்பொருள். அதனால் பெரியப்பா, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அப்பாவுக்குப் போன் போட்டு, அது சரஸ்வதி இல்லை, உன் பையன் பண்ணிய வேலை என்று பக்குவமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஆனாலும் துர்காவை அனுப்பு என்று அண்ணனாக ஒரு அதட்டல் போடுங்கள். இரண்டும் ஒரே போனில் முடிய வேண்டும். நான் சொன்னால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். நேரில் வரும்போது தலையில் குட்டுங்கள். குட்டிய கையாலேயே ஆசீர்வாதமும் பண்ணிவிடுங்கள்.

தலைகுனிந்து,
ஹேமநாத்

பி.கு.: பெரியப்பா, போன் செய்யாதீர்கள். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் பிரேமை வாங்கி வரச்சொல்லி அப்பா அனுப்பினார். பக்கீர் பாய் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, நடுவுல ரெண்டு வெரக்கட கோணலா இருக்கும், என்னத் திட்டாதே. பேப்பர மடிச்சு உள்ள வுடச் சொன்னதே உங்க அப்பாதான். எழுத்து மறையுதே அண்ணேன்னு கேட்டேன். 'மறையட்டும் பாய், எந்தக் கம்ப்யூட்டர்லேந்து வந்துச்சுன்னு அதுல போட்டிருக்கு, எம் புள்ள பேரு'ன்னாரு" என்றார். நெட்வொர்க்குக்காக மாடிக் கம்ப்யூட்டருக்கு என் பெயரையே வைத்தது நான்தான். பூஜையன்று அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தாண்டியது அந்த வரியைத்தான். துர்காவிடம் இன்னும் சொல்லவில்லை, ரயில் ஏறட்டும். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வழியனுப்ப வரும்போது அப்பா அந்தப் படத்தைக் காட்டுவார். சிரித்துத் தொலைக்காதீர்கள், கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நானே ஆணியடித்து மாட்டிவிட்டு, கல்லாவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். எழுந்து பார்த்தால், அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.